முதியோர் பாதுகாப்பும் தோட்ட மக்களும்



அதிகாலையிலேயே பெரட்டு கலைந்துவிடுகிறது. பால்வெட்டுக்காரர்கள் தங்கள் நிரைகளுக்கும், குலை அறுப்பவர்கள் செம்பனைக் காட்டுக்கும் போய்விடுகிறார்கள். பிள்ளைகள் புத்தகப் பையோடு பள்ளிக்கு வந்துவிடுகிறார்கள். தொழிற்சாலை பஸ் வந்து வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்குப் போய்விடுகிறது. ஏழரை மணிக்கு மேல் லயத்தில் எஞ்சியிருப்பவர்கள் யார்? கோழிகளும், நாய்களும், வயதான நம் பெரியவர்களுந்தாம். பிற்பகல் இரண்டு மணி வரையில், சில வீடுகளில் மாலை ஏழு மணி வரையில், ஒரு பாட்டியோ தாத்தாவோ தனியே இருக்கிறார். அந்த நேரத்தில் அவருக்கு ஒன்று நேர்ந்தால் யார் வருவார்கள், எங்கே சொல்வது, அரசாங்கம் என்ன உதவி வைத்திருக்கிறது என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

முன்பெல்லாம் இது பெரிய கவலையாக இருந்ததில்லை. லயம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஆயாக் கொட்டகையில் ஆயா இருப்பார்; மருந்துக் கொட்டகையில் டிரஸ்ஸர் ஐயா இருப்பார். ஒரு சத்தம் போட்டால் பத்துப் பேர் ஓடி வருவார்கள். இன்று பல தோட்டங்களில் பாதி லயம் பூட்டிக் கிடக்கிறது. அடுத்த வீட்டில் இருப்பவர் வங்காளதேசத்திலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்த தொழிலாளி. அவர் நல்லவர்தாம். ஆனால் அவருக்கு நம் பாட்டியின் பெயரும் தெரியாது. மகன் எங்கே வேலை செய்கிறான் என்பதும் தெரியாது.

முதியோர் என்று யாரைச் சொல்கிறோம்? 1982ஆம் ஆண்டில் வியன்னா நகரில் ஐக்கிய நாட்டுச் சபை கூட்டிய உலக மாநாடு 60 வயதை எல்லையாகக் கொண்டது. மலேசிய அரசாங்கமும் அதையே பின்பற்றுகிறது. 1995ஆம் ஆண்டில் முதியோருக்கென்று தேசியக் கொள்கை ஒன்று வகுக்கப்பட்டு, 2011இல் அது திருத்தியமைக்கப்பட்டது. நம் அலுவலகங்களில் 'வார்கா எமாஸ்', அதாவது பொன்னான குடிமக்கள் என்று சொல்வது இவர்களைத்தான். பெயர் அழகாகத்தான் இருக்கிறது. அந்தப் பெயருக்குரிய உதவி தோட்டத்து லயம் வரை வந்து சேர்கிறதா என்பதே கேள்வி.

முதலில் ஆபத்துகளைப் பார்ப்போம். தோட்டத்துப் பெரியவர்களுக்கு மிகப் பெரிய எதிரி பாம்பு அல்ல, ஈரத் தரை. வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் கல், பாசி பிடித்த சிமெண்டுத் தரை, கால்வாயைத் தாண்டப் போட்டிருக்கும் பலகை, கழிவறைக்குப் போகும் வழியில் உடைந்த படி, இவைதாம் இடுப்பு எலும்பை முறிக்கின்றன. இருபது வயதில் வழுக்கி விழுந்தவன் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து போவான். எழுபது வயதில் எலும்பு உளுத்த பலகை மாதிரி ஆகிவிடுகிறது. அதுவும் பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் கெட்டித்தன்மை வேகமாகக் குறைகிறது. உட்கார்ந்த இடத்திலிருந்து தடுமாறிச் சாய்ந்தாலும் இடுப்பு முறிந்துவிடக்கூடும்.

விழுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பலர் நினைப்பதே இல்லை. இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால், தலைக்குப் போகும் இரத்தம் ஒரு கணம் குறைந்து கண் இருட்டும். ஆகவே எழுந்ததும் நடக்கக்கூடாது. முதலில் கட்டிலின் ஓரத்தில் கால்களைத் தொங்கப் போட்டு ஒன்றிரண்டு நிமிடம் உட்கார வேண்டும். பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பிறகுதான் நடக்க வேண்டும். தலைசுற்றல் அடிக்கடி வருமானால், மாத்திரையை நாமாக நிறுத்திவிடாமல் கிளினிக்கில் சொல்ல வேண்டும். டாக்டர் அளவைக் குறைத்துக் கொடுப்பார், அல்லது வேறு மருந்து கொடுப்பார்.

இதற்குச் செலவு அதிகமில்லை. துவைக்கும் இடத்துப் பாசியை வாரத்துக்கு ஒரு முறை கடினமான தூரிகையால் தேய்த்துவிடலாம். கழிவறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் குழாயை அடித்துவிடலாம். தச்சு வேலை தெரிந்தவர் எந்தத் தோட்டத்தில் இல்லை? இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு சிறு விளக்கு எரிய வேண்டும். மின்சாரக் கட்டணம் ஏறிவிடும் என்று பெரியவர்களே அதை அணைத்துவிடுவார்கள். அவர்கள் வளர்ந்த காலம் அப்படி. பிள்ளைகள் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும். தேய்ந்துபோன ஜப்பான் சிலிப்பரைத் தூக்கி எறிந்துவிட்டு, அடியில் பள்ளம் பள்ளமாக இருக்கும் செருப்பு வாங்கிக் கொடுங்கள்.

சரி, விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நாம் முதலில் என்ன செய்கிறோம்? இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்துகிறோம். பிறகு எண்ணெய் போட்டு உருவிவிட ஆளைத் தேடுகிறோம். இரண்டும் தவறு. விழுந்தவரின் ஒரு கால் மற்றக் காலைவிடக் குட்டையாகத் தெரிந்தாலோ, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தாலோ, காலை அசைக்கவே முடியாமல் வலித்தாலோ இடுப்பு முறிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலை உருவினால், முறிந்த எலும்பு உள்ளே இருக்கும் சதையையும் இரத்தக் குழாயையும் கிழிக்கும். அவர் கிடக்கிற இடத்திலேயே கிடக்கட்டும். தலைக்கு அடியில் துணி வையுங்கள், போர்வையால் மூடுங்கள், வெயிலாக இருந்தால் குடை பிடியுங்கள். காப்பியோ சோறோ கொடுக்காதீர்கள். அறுவைச் சிகிச்சை செய்ய நேர்ந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் முன்னே ஒருவர், பின்னே ஒருவர், நடுவில் நோயாளியை நெருக்கி உட்காரவைத்துக் கொண்டுபோகும் பழக்கம் தோட்டத்தில் உண்டு. காய்ச்சல்காரரை வேண்டுமானால் அப்படிக் கொண்டுபோகலாம். இடுப்பு முறிந்தவரைக் கொண்டுபோகக் கூடாது.

999க்குத் தொலைபேசி செய்ய வேண்டும். கட்டணம் இல்லை. போலீஸ், தீயணைப்புப் படை, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் அதே எண்தான். இந்த எண்ணை எல்லாரும் அறிவோம். ஆனால் தொலைபேசியில் என்ன சொல்வது என்பதில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். 'ஆயர் ஈத்தாம் தோட்டம்' என்பது போலத் தோட்டத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. அதே பெயரில் இரண்டு மூன்று ஊர்கள் இருக்கும். ஒரே தோட்டத்துக்கு நான்கு டிவிஷன் இருக்கும். ஒரு டிவிஷனுக்கும் மற்ற டிவிஷனுக்கும் இடையே ஐந்தாறு மைல் செம்மண் சாலை இருக்கும். பெரிய கிராணியார் அலுவலகத்தின் முகவரிதான் நம் கடிதங்களில் இருக்கும். ஆம்புலன்ஸ் அங்கே போய் நின்றால் என்ன பயன்?

ஆகவே ஒரு அட்டையில் இவற்றை மலாய்மொழியில் எழுதி, தொலைபேசிக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டிவையுங்கள்: தோட்டத்தின் பெயர், டிவிஷன், மாவட்டம், மாநிலம், பெரிய சாலையில் எத்தனையாவது கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் தோட்டத்துச் சாலை பிரிகிறது, அங்கே கோவிலோ பள்ளியோ பெட்ரோல் நிலையமோ இருக்கிறதா, லயத்தின் எண், வீட்டின் எண். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே அழகாக எழுதிக் கொடுப்பான். 999இல் பேசும்போது, அவர்கள் கேட்டு முடிக்கும்வரை நாம் தொலைபேசியை வைத்துவிடக் கூடாது. பேசி முடித்ததும் ஓர் இளைஞனை மோட்டார் சைக்கிளில் பெரிய சாலை முச்சந்திக்கு அனுப்பிவிடுங்கள். வழியில் சங்கிலி போட்ட கேட் இருந்தால் காவல்காரருக்கு முன்னதாகவே சொல்லிவிடுங்கள். பூட்டிய கேட்டுக்கு முன்னால் ஆம்புலன்ஸ் விளக்கெரிய நின்றுகொண்டிருக்க, சாவியைத் தேடி ஆள் ஓடியதை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

பக்கவாதம் வந்தால் நேரம் இதைவிட முக்கியம். வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கைகளையும் தூக்கச் சொன்னால் ஒரு கை விழுகிறதா? பேச்சு குழறுகிறதா? இந்த மூன்றில் ஒன்று திடீரென்று கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூளைக்குப் போகும் இரத்தக் குழாயில் கட்டி அடைத்துக்கொள்வதால் பெரும்பாலும் இந்நோய் வருகிறது. அந்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்து இருக்கிறது. ஆனால் நோய் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் அதைப் போட வேண்டும். நோய் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று டாக்டர் கேட்பார். கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நாட்டு வைத்தியரிடம் மூன்று நாள் காட்டிவிட்டு நான்காம் நாள் கொண்டுபோனால், டாக்டர் மட்டும் என்ன செய்வார்?

தோட்டத்துக்கே உரிய ஆபத்து இன்னொன்று. களைக்கொல்லி மருந்தைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். கண் பார்வை மங்கிய பெரியவர் தாகத்துக்கு எடுத்துக் குடித்துவிடுகிறார். பராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லி 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து நம் நாட்டில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. பழைய போத்தல் எங்காவது கொட்டகையில் கிடக்கலாம்; இருந்தால் தோட்ட அலுவலகத்தில் ஒப்படையுங்கள். மற்ற மருந்துகளும் நஞ்சுதாம். வேலைக்குரிய பொருள் ஸ்டோரிலேயே இருக்கட்டும். சாப்பாட்டு வீட்டுக்கு அது வரவே வேண்டாம்.

மறதி நோய் உள்ளவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. நாற்பது வருடம் பால் வெட்டிய தாத்தா, விடியற்காலையில் எழுந்து வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பிவிடுவார். அவர் மனத்தில் இருப்பது பழைய கித்தாக் காடு. வெளியே நிற்பதோ செம்பனை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி நிரை, ஒரே மாதிரி மரம். கண் தெரிந்தவனே வழி தவறுவான். இப்படிப்பட்டவரின் சட்டைப் பையில் பிள்ளையின் தொலைபேசி எண்ணை எழுதிய துணியைத் தைத்துவிடுங்கள். காணாமற்போனால், 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று சிலர் சொல்வது சரியல்ல. உடனே போலீசில் புகார் செய்யலாம். அவரைக் கட்டிப்போட்டு வைப்பதோ, வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போவதோ கூடாது. தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இனி, கிடைக்கும் உதவிகளைச் சொல்லுகிறோம். சமூகநல இலாகா 1946ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. நம்மவர் பேச்சில் அது 'வெல்பேர்', மலாயில் 'கெபாஜிக்கான்'. ஒவ்வொரு மாவட்டத்திலும் அதற்கு அலுவலகம் உண்டு. 60 வயதைத் தாண்டி, வருமானமில்லாமல், ஆதரிக்கப் பிள்ளைகள் இல்லாமலோ, பிள்ளைகள் இருந்தும் அவர்களுக்கே வசதியில்லாமலோ இருக்கும் குடிமக்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகை கொடுக்கப்படுகிறது. 350 வெள்ளியாக இருந்த அத்தொகை 2021இல் 500 வெள்ளியாகவும், 2025இல் 600 வெள்ளியாகவும் உயர்த்தப்பட்டது. அடையாள அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், குடும்பத்தாரின் வருமான விவரம் இவற்றுடன் மாவட்ட அலுவலகத்தில் மனுச் செய்ய வேண்டும். அதிகாரி வீட்டுக்கு வந்து நிலைமையைப் பார்ப்பார்.

இங்கே நம்மவர்கள் இரண்டு விதமாக நடந்துகொள்கிறார்கள். சிலர், "வெல்பேர் காசா? நாங்கள் பிச்சைக்காரர்களா?" என்று ரோசப்படுகிறார்கள். வாழ்நாள் முழுவதும் இந்த மண்ணில் உழைத்தவர், முதுமையில் நாட்டினிடம் கைநீட்டுவது பிச்சை ஆகாது. வேறு சிலர் ஒரு முறை மனுக் கொடுத்துவிட்டு, பதில் வராவிட்டால், "நமக்கெல்லாம் கிடைக்காது" என்று விட்டுவிடுகிறார்கள். மனுக் கொடுத்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். நகல் ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள். நேரில் போய்க் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

பக்கவாதத்தாலோ, இனிப்பு நீரினால் கால் எடுக்கப்பட்டதாலோ உடற்குறையுள்ளவர்கள், டாக்டரின் சான்றுடன் அதே இலாகாவில் ஓ.கே.யு. அட்டைக்குப் பதிந்துகொள்ளலாம். படுத்த படுக்கையாக இருப்பவரைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்துக்கும் தனி உதவி இருக்கிறது. சில மாவட்டங்களில், தனியே வாழும் முதியோரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வாகனமும், வீட்டுக்கு வந்து துணையாக இருக்கத் தொண்டர்களும் உண்டு. உங்கள் மாவட்டத்தில் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 'பாவே' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் முதியோர் நடவடிக்கை நிலையங்களும் பல ஊர்களில் இருக்கின்றன. உடற்பயிற்சி, உடல்நலப் பரிசோதனை, கைவேலை என்று பகல் பொழுது அங்கே நன்றாகப் போகும். ஆனால் அவை பட்டணத்தில் இருக்கின்றன. தோட்டத்துப் பாட்டி அங்கே போய்வர பஸ் எங்கே இருக்கிறது? தோட்டத்து மண்டபத்திலோ, கோவில் மண்டபத்திலோ வாரத்துக்கு ஒரு காலை நாமே பெரியவர்களைக் கூட்டிவைத்தால் என்ன? சுகாதார கிளினிக்குக்கு எழுதிக் கேட்டால், இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கத் தாதிமார் வரக்கூடும்.

கிளினிக்கைப் பற்றி: 60 வயதைத் தாண்டிய குடிமக்கள் அரசாங்க கிளினிக்கில் வெளிநோயாளியாகப் போனால் பதிவுக் கட்டணம் கிடையாது. படுக்கையில் கிடப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் சேவையும் பல கிளினிக்குகளில் உண்டு. தொடர்ந்து சாப்பிடும் மாத்திரையை வாங்குவதற்குப் பெரியவரே ஒவ்வொரு மாதமும் அலைய வேண்டியதில்லை. மருந்துச் சீட்டையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு பிள்ளைகள் போகலாம். 2019இல் தொடங்கிய 'பெக்கா பி-நாற்பது' என்ற திட்டத்தில், அரசாங்கத்தின் ரொக்க உதவி பெறும் குடும்பத்தில் 40 வயதைத் தாண்டிய கணவன் மனைவி இருவரும் இலவசமாக உடற்பரிசோதனை செய்துகொள்ளலாம். நோய் முற்றிய பிறகு போவதைவிட இது எவ்வளவோ மேல்.

இந்த உதவிகளுக்கெல்லாம் ஒரே ஒரு வாசற்படி இருக்கிறது: நீல நிற அடையாள அட்டை. சிவப்பு அட்டை வைத்திருப்பவர் நிரந்தரவாசி. பச்சை அட்டை வைத்திருப்பவர் தற்காலிகவாசி. இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த மண்ணிலேயே பேரன் பேத்தி எடுத்தும் நீல அட்டை இல்லாத பெரியவர்கள் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். பிறப்பைப் பதியாதது, பத்திரம் தீயிலும் வெள்ளத்திலும் போனது, தோட்டம் கைமாறியபோது அலுவலகத்துப் பழைய செக்ரோல் அழிந்தது என்று காரணங்கள் பல. 2018ஆம் ஆண்டில் அரசாங்கம், 60 வயதைத் தாண்டிய சிவப்பு அட்டைக்கார இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்கப்போவதாக அறிவித்தது. அது எல்லாருக்கும் வந்து சேர்ந்துவிட்டதாக நினைத்து உட்கார்ந்துவிடக் கூடாது. தேசியப் பதிவிலாகாவுக்குப் போய் மனுச் செய்ய வேண்டும். மலாய்மொழி ஓரளவு பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்பது சட்டம். சான்று எதுவும் இல்லையென்றால் பழைய தோட்டப் பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கைப் பதிவேட்டில் பெயரும், பிறந்த தேதியும், தகப்பனார் பெயரும், அவர் வேலை செய்த தோட்டமும் எழுதப்பட்டிருக்கும். பலருக்கு, தாம் இந்த நாட்டில் சிறுபிள்ளையாக இருந்ததற்கு எழுத்தில் உள்ள சான்று அது ஒன்றுதான். பள்ளி மூடப்பட்டிருந்தால், அந்தப் பதிவேடு எந்தப் பள்ளிக்குப் போனது என்று மாவட்டக் கல்வி இலாகாவில் கேட்டுப் பாருங்கள். கரையான் அரிப்பதற்குள் கேட்பது நல்லது.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். ஊழியர் சேமநிதி, அதாவது இ.பி.எப்., 1951இல் தொடங்கியது. தோட்டத்தில் நேரடியாக வேலை செய்தவர்களுக்கு அதில் பணம் இருக்கும். கொந்திராக்டரிடம் வேலை செய்த பெண்கள் பலருக்கு ஒன்றுமே கட்டப்படவில்லை. அவர்களுக்குத்தான் வெல்பேர் மனு மிக அவசியம். சேமநிதியில் பணம் உள்ளவர்கள், தமக்குப்பின் யாருக்கு அது சேரவேண்டும் என்று வாரிசு நியமனம் செய்திருக்கிறார்களா? செய்யாமல் இறந்துவிட்டால், பிள்ளைகள் அந்தப் பணத்துக்காக அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும். சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்புத் திட்டம் 1971இல் தொடங்கியது. சந்தா கட்டிக்கொண்டிருந்த கணவர் 60 வயதுக்குள் இறந்திருந்தால், மனைவிக்குப் பென்ஷன் கிடைக்க வழி இருக்கிறது. இது தெரியாமல் வருடக்கணக்காக இருந்துவிட்டவர்கள் உண்டு. அப்படியே, 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கிய பெரியவர்களின் பத்திரங்கள் இரும்புப் பெட்டியின் அடியில் கிடக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து பாருங்கள்.

பணம் இருந்தால் திருடனும் வருகிறான். இப்போது அவன் தொலைபேசியில் வருகிறான். "போலீசிலிருந்து பேசுகிறோம், உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது, வங்கிக் கணக்கு எண்ணைச் சொல்லுங்கள்" என்று மிரட்டுவான். போலீசாரோ நீதிமன்றமோ தொலைபேசியில் பணம் கேட்பதில்லை. பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே, வெட்கப்பட்டு மறைக்காமல், 997 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். ஏமாற்றுக் குற்றங்களுக்கென்றே 2022இல் ஏற்படுத்தப்பட்ட எண் இது. நேரம் கடந்தால் பணம் கணக்கு மாறிக் கணக்கு மாறி மறைந்துவிடும்.

வெளியாள் திருடுவதை வெளியே சொல்லலாம். வீட்டுக்குள்ளேயே நடப்பதை யாரிடம் சொல்வது? உதவித்தொகை வரும் நாளில் தாயின் வங்கி அட்டையைப் பிடுங்கிக்கொண்டு போகும் மகன், குடித்துவிட்டு வந்து தகப்பனை அடிக்கும் மகன் தோட்டத்தில் இல்லை என்று நாம் சொல்ல முடியுமா? பாட்டி, "குளியலறையில் விழுந்துவிட்டேன்" என்பார். விழுந்த காயம் எது, அடிபட்ட காயம் எது என்று அண்டை வீட்டாருக்குத் தெரியும். 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் மனைவியை மட்டும் காப்பதன்று. வயதான பெற்றோரையும் காக்கிறது. 15999 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் சொல்லலாம். அதன் பெயர் 'தாலியான் காசே'. பாதிக்கப்பட்டவர்தாம் பேச வேண்டும் என்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் பேசலாம்.

யாருமே இல்லாதவர்களுக்கு என்ன வழி? தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டிய வீடு. 2013 ஜூலை முதல் ஓய்வு வயது 60 ஆகியிருக்கிறது. ஆனால் வேலை முடிந்ததும் வீடும் முடிந்துவிடுகிறது. பிள்ளை அதே தோட்டத்தில் வேலை செய்தால் பெற்றோர் இருக்கலாம். பிள்ளை பட்டணத்துக்குப் போய்விட்டால் சிக்கல். சம்பாதிக்கும் காலத்திலேயே ஒரு மலிவு விலை வீட்டுக்கு மனுப் போட்டு வைப்பதே நல்லது என்று இளையவர்களுக்குச் சொல்லுகிறோம். உறவினர் இல்லாத, வீடில்லாத முதியோருக்கு அரசாங்கம் 'ருமா ஸ்ரீ கெனாங்கான்' என்ற இல்லங்களை நடத்துகிறது. செராஸ், சிரம்பான், மலாக்காவில் செங், ஜொகூர் பாரு, தைப்பிங், கெடாவில் பீடோங் ஆகிய ஊர்களில் அவை உண்டு. தம் வேலையைத் தாமே செய்துகொள்ளக்கூடியவர்களை அங்கே சேர்த்துக்கொள்வார்கள். படுக்கையில் கிடப்பவர்களுக்குக் கோல குபு பாருவிலும் டுங்குனிலும் 'ருமா ஏசான்' என்ற இல்லங்கள் இருக்கின்றன. அங்கே போவதை மானக்கேடாக நினைக்க வேண்டியதில்லை. ஆனால் பேச்சுத்துணைக்குத் தமிழ் தெரிந்தவர் கிடைப்பாரா, பழகிய சாப்பாடு கிடைக்குமா என்று பெரியவர்கள் பயப்படுவதும் நியாயந்தான். அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை அழைத்துப்போய்க் காட்டிவிட்டு வாருங்கள்.

தோட்டத்திலேயே தனித்து இருப்பவர்களுக்கு லயத்தார் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காலை ஏழு மணிக்குள் பெரியவர் தம் வீட்டு முன் ஜன்னலைத் திறந்து வைப்பது என்று பேசிக்கொள்ளுங்கள். ஜன்னல் திறக்காவிட்டால், அன்று வீட்டில் இருக்கும் யாராவது ஒருவர் போய்க் கதவைத் தட்ட வேண்டும். பத்து மணிக்கு ஒரு முறை, பிற்பகல் ஒரு மணிக்கு ஒரு முறை எட்டிப் பார்ப்பதற்கு, வேலைக்குப் போகாத பெண்களும், இரவு வேலை முடித்து வந்தவர்களும் முறை வைத்துக்கொள்ளலாம். கதவுக்கு மாற்றுச் சாவி ஒன்று நம்பிக்கையான வீட்டில் இருக்கட்டும். இரவில் பெரியவர்கள் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொள்வதால், வெளியிலிருந்து திறக்கும் பூட்டாக மாற்றிக்கொள்வது நல்லது. படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு விசிலைக் கட்டித் தொங்கவிடுங்கள். விழுந்து கிடப்பவரின் குரல் கேட்காவிட்டாலும் விசில் சத்தம் நான்கு வீட்டுக்குக் கேட்கும். அடுத்த வீட்டு வங்காளதேசத் தம்பிக்குப் பாட்டியின் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். மகனின் தொலைபேசி எண்ணை அவருடைய கைத்தொலைபேசியிலும் பதிந்து வையுங்கள். அவருக்கும் ஊரில் ஒரு தாய் இருப்பார்.